காசு வாங்கிய கை கணக்குக் கேட்குமா? ஊழலும் தமிழக மக்களின் அரசியல் பங்கேற்பும்

ஊழல் மலிந்த இடத்தில் மக்கள் வெறுத்துப்போய் ஓட்டுப் போட வரமாட்டார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். தமிழ்நாட்டுக் கணக்கு அதற்கு நேர்மாறாக இருக்கிறது. 2009 ஜனவரி 9 அன்று நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலுக்குப் பிறகு, வாக்காளருக்குப் பணம் கொடுப்பதற்கே ‘திருமங்கலம் ஃபார்முலா’ என்று பெயர் வந்துவிட்டது. செய்தித்தாளுக்குள் கவர் வைத்து ஆளுக்கு 5,000 ரூபாய் வீடு வீடாகப் போனது என்று அமெரிக்கத் துணைத் தூதரகம் எழுதிய குறிப்பு, 2011இல் விக்கிலீக்ஸ் வழியாக வெளிவந்தது. அந்த இடைத்தேர்தலில் பதிவான வாக்குகள் 85 சதவீதத்துக்கும் மேல். 2017 டிசம்பரில் ஆர்.கே.நகர் இடைத்தேர்தலில் 77 சதவீதம். பொதுத் தேர்தலில் 60 சதவீதத்தை எட்டவே திணறும் சென்னைக்குள் இருக்கும் தொகுதி அது.

ஆகவே வாக்குச்சாவடி வரிசையின் நீளத்தைப் பார்த்து ஊழலின் சேதத்தை அளக்க முடியாது. சேதம் வெளிப்படுவது வாக்கு எண்ணிக்கை முடிந்த மறுநாளிலிருந்து. கிராம சபையில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள், தெருவில் போட்ட தார்ச் சாலையின் கணக்கை யார் கேட்கிறார்கள், பட்டா மாறுதலுக்குப் பணம் கேட்டால் யார் புகார் கொடுக்கத் துணிகிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும். வாக்களிக்கும் ஒரு நாளைத் தவிர மற்ற நாள்களில் குடிமக்களை அரசியலிலிருந்து ஒதுக்கி வைப்பதே ஊழல் செய்யும் பெரிய கேடு.

பட்டுவாடா நடக்கும் விதம்

வாக்காளர் பட்டியல் பாகம் பாகமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒரு பாகம் என்பது ஒரு வாக்குச்சாவடி. சுமார் ஆயிரம் முதல் ஆயிரத்து இருநூறு பேர் வரை. கட்சியின் பூத் கமிட்டி அந்தப் பட்டியலை வீடு வீடாகச் சரிபார்க்கும். யார் இறந்துவிட்டார், யார் திருப்பூரில் வேலை பார்க்கிறார், யார் அசைக்க முடியாத எதிர்க்கட்சிக்காரர் என்று குறித்துக்கொண்டு, மிச்சமுள்ள தலைகளை எண்ணி வீட்டுப் பெரியவரிடம் மொத்தமாகக் கொடுத்துவிடும். கெடுபிடி அதிகமாக இருந்தால், பிறகு பணமாக மாற்றிக்கொள்ள ஒரு டோக்கன். ஆர்.கே.நகரில் 20 ரூபாய் நோட்டே டோக்கனாகக் கொடுக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தது பலருக்கும் நினைவிருக்கும்.

இரண்டு தரப்பிலும் வாங்கிக்கொண்டு தனக்குப் பிடித்தவருக்கே ஓட்டுப் போடுகிறவர்கள் ஏராளம். எனவே இந்தப் பணம் ஓட்டை விலைக்கு வாங்கிவிடுகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். நடைமுறையில் இது ஒரு நுழைவுக் கட்டணம். கட்டியவர் ஜெயிப்பார் என்று உறுதி கிடையாது. கட்டாதவர் களத்திலேயே இருக்க முடியாது. ஊரில் நல்ல பெயர் எடுத்த ஓய்வுபெற்ற ஆசிரியரோ விவசாயச் சங்கத்துக்காரரோ வேட்பாளராக நிற்க யோசிப்பதற்கு இதுவே முதல் காரணம். பெரிய மாநிலங்களில் சட்டமன்ற வேட்பாளருக்கான செலவு வரம்பு 2022இல் 40 லட்சம் ரூபாயாக உயர்த்தப்பட்டது. கட்சி தன் பெயரில் செய்யும் செலவுக்கு வரம்பே இல்லை. பங்கேற்பு என்றால் ஓட்டுப் போடுவது மட்டுமல்ல, தேர்தலில் நிற்பதும்தான். அந்தக் கதவு முதலில் மூடிவிடுகிறது.

ரகசிய வாக்கு இருக்கும்போது மக்கள் ஏன் பயப்பட வேண்டும் என்ற கேள்விக்குப் பதில் படிவம் 20இல் இருக்கிறது. எந்த வாக்குச்சாவடியில் எந்த வேட்பாளருக்கு எத்தனை வாக்கு என்பதைச் சாவடிவாரியாகக் காட்டும் முடிவுத் தாள் அது. வாக்குச்சீட்டுக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண வழி இருந்தது. மின்னணு இயந்திரத்தில் ஒவ்வொரு சாவடியும் தனித்தனியாக எண்ணப்படுகிறது. தனிமனிதரின் ஓட்டு ரகசியம்தான், ஆனால் இரண்டு தெருவின் ஓட்டு ரகசியம் இல்லை. ‘உங்க பூத்துல நமக்கு 140தான் விழுந்திருக்கு’ என்று சொல்லிவிட்டுத் தெருவிளக்கையும் குடிநீர்க் குழாயையும் தள்ளிப்போட இது போதும். பல இயந்திரங்களின் எண்ணிக்கையைச் சேர்த்து மொத்தமாகக் காட்டும் ‘டோட்டலைசர்’ கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இலேயே முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் அளித்த 255ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. வாக்குக்குப் பணம் பற்றி இவ்வளவு பேசுகிறோம், இந்தக் கருவியைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை என்பது உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

சட்டத்தின் ஓட்டைகளும் இங்கேதான். வாக்குக்குப் பணம் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டுமே குற்றம். முன்பு இந்திய தண்டனைச் சட்டம் 171-பி, 171-இ, இப்போது பாரதிய நியாய சன்ஹிதா 170, 173. அதிகபட்சத் தண்டனை ஓராண்டு. ஆனால் இது பிணையில் விடக்கூடிய, நீதித்துறை நடுவரின் அனுமதியின்றிப் போலீஸ் விசாரிக்க முடியாத குற்றங்களின் பட்டியலில் இருக்கிறது. அனுமதி வாங்காமல் பதிவு செய்யும் வழக்கு நீதிமன்றத்தில் நிற்காது. வாங்குகிறவரும் குற்றவாளி என்பதால் சாட்சி சொல்ல ஆள் வருவதில்லை.

தேர்தலையே நிறுத்தினால்? அதையும் தமிழ்நாடு பார்த்துவிட்டது. 2016 மே மாதம் அரவக்குறிச்சி, தஞ்சாவூர். 2017 ஏப்ரலில் ஆர்.கே.நகர், அமைச்சர் ஒருவரின் வீட்டில் நடந்த வருமான வரிச் சோதனையில் சுமார் 89 கோடி ரூபாய்ப் பட்டுவாடாவுக்கான தாள்கள் கிடைத்ததாகச் சொல்லப்பட்ட பிறகு. 2019 ஏப்ரல் 16 அன்று, வாக்குப்பதிவுக்கு இரண்டு நாள் முன்பாக, வேலூர் மக்களவைத் தொகுதி. வாக்குச்சாவடியைக் கைப்பற்றினால் தேர்தலை ரத்து செய்ய மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 58-ஏ பிரிவு உண்டு. பணத்துக்கு அப்படியொரு பிரிவு இல்லாததால் அரசியல் சட்டத்தின் 324ஆவது பிரிவை வைத்துத்தான் ஆணையம் சமாளிக்கிறது. 58-பி என்று புதிய பிரிவு கேட்டபோது மத்திய அரசு மறுத்துவிட்டது. அரவக்குறிச்சியிலும் தஞ்சாவூரிலும் அந்த நவம்பரில் தேர்தல் மறுபடி நடந்தபோது முக்கியக் கட்சிகள் அதே வேட்பாளர்களையே நிறுத்தின. தண்டனை யாருக்கு என்று பார்த்தால், சில மாதங்கள் சட்டமன்ற உறுப்பினர் இல்லாமல் இருந்த தொகுதி மக்களுக்குத்தான்.

ஐந்து வருட மௌனம்

போட்ட பணத்தை எடுக்கும் வழி ஊருக்கெல்லாம் தெரியும்: ஒப்பந்தத்தில் பர்சன்டேஜ், வீட்டு வரைபட அனுமதிக்கு ஒரு தொகை, குடிநீர் இணைப்புக்கு ஒரு தொகை, இடமாறுதலுக்கு ஒரு தொகை. இதைக் கேட்க வேண்டியவர் வாக்காளர். அவர் கேட்கப் போனால், ‘காசு வாங்கிட்டுத்தானே ஓட்டுப் போட்டீங்க, இப்ப என்ன கேக்குறீங்க’ என்ற ஒரு வாக்கியம் போதும். வாங்காதவரும் அந்தக் கூட்டத்தில் அடக்கம். தெருவே வாங்கியிருக்கும்போது நான் வாங்கவில்லை என்று நிரூபிப்பது எப்படி? இரண்டாயிரம் ரூபாய் ஒரு வாரத்தில் தீர்ந்துபோகும். வாயடைப்பு ஐந்து வருடம் நிற்கும்.

உரிமையோடு கேட்பது போய்விட்டால் அந்த இடத்தில் மனு வந்து உட்கார்ந்துகொள்கிறது. திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தின் வரிசையைப் பார்த்தால், அரசோடு பேச மக்கள் தயங்கவில்லை என்பது விளங்கும். ஆனால் ஒவ்வொருவரும் தன் பட்டா, தன் உதவித்தொகை, தன் வீட்டுக் குழாய் என்று தனித்தனியாக வருகிறார்கள். நாற்பது வீட்டுக்கும் குழாய் வராததற்கு ஒரே காரணம் இருந்தாலும், நாற்பது பேரும் சேர்ந்து வருவது அரிது. ஆளைப் பார்த்து, கட்சியைப் பார்த்து, கையூட்டுக் கொடுத்து வேலை முடியும் இடத்தில், கூட்டமாகப் போகிறவர் முட்டாள் ஆகிவிடுகிறார். ஊழல் மனிதர்களைத் தனித்தனியாக உடைப்பது இப்படித்தான்.

இதற்கு மேல், கேட்பதற்கான மன்றமே இல்லாமலும் போனது. உள்ளாட்சி அமைப்புகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. ஊரகப் பகுதிகளில் 27 மாவட்டங்களுக்கு 2019 டிசம்பரிலும், மற்ற 9 மாவட்டங்களுக்கு 2021 அக்டோபரிலும், நகர்ப்புறத்துக்கு 2022 பிப்ரவரி 19 அன்றும்தான் தேர்தல் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் மாநகராட்சிகளைத் தனி அலுவலர்கள் நடத்தினார்கள். பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் நடத்த வேண்டும் என்று அரசியல் சட்டம் 243-இ, 243-யூ பிரிவுகளில் தெளிவாகச் சொல்லியிருந்தும் இந்த நிலை. 2025 ஜனவரி 5 அன்று அந்த 27 மாவட்ட ஊராட்சிகளின் காலமும் முடிந்து மறுபடி தனி அலுவலர்கள் வந்தார்கள். கவுன்சிலர் ஊழல்வாதியாக இருந்தாலாவது தெருவில் நிறுத்திக் கேட்க ஒரு முகம் இருக்கும்.

சென்னையின் கதை வேறு. 2022 மாநகராட்சித் தேர்தலில் பதிவு சுமார் 43 சதவீதம். 2024 மக்களவைத் தேர்தலில் மத்திய சென்னை 53.96, தென் சென்னை 54.17, அதே நாளில் தருமபுரி 81.20. வீடு மாறியவர்கள், இறந்தவர்கள் பெயர் நீக்கப்படாத பட்டியல் நகரத்தின் சதவீதத்தைக் கொஞ்சம் குறைத்துக் காட்டும் என்பதையும் சொல்ல வேண்டும். அதையும் தாண்டி ஒரு காரணம் இருக்கிறது. தண்ணீர் வராவிட்டால் லாரி, பள்ளி சரியில்லையென்றால் தனியார் பள்ளி, அலுவலகத்தில் இழுத்தடித்தால் புரோக்கர் என்று காசு கொடுத்து அரசை ஒதுக்கிவிட்டு வாழ முடிகிறவருக்கு, யார் கவுன்சிலர் என்பது பெரிய விஷயமாகத் தெரிவதில்லை. ரேஷன் கடையும் அரசு மருத்துவமனையும் இல்லாமல் வாழ முடியாதவர் வரிசையில் நிற்கிறார். ஒருவர் விலகிக்கொள்கிறார், இன்னொருவர் பணிந்துபோகிறார். இரண்டாலும் லாபம் ஊழல் செய்கிறவருக்கே.

தெரிந்தும் ஏன் தண்டிப்பதில்லை?

2011இல் 2ஜி விவகாரமும் மின்வெட்டும் சேர்ந்து தி.மு.க.வை 23 இடங்களுக்குத் தள்ளின. அந்தத் தேர்தலில் பதிவு 78 சதவீதம். ஊழல் கோபம் மக்களைச் சாவடிக்கு அழைத்து வந்த தேர்தல் என்று அதைச் சொல்லலாம். 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனி நீதிமன்றம் ஜெயலலிதாவுக்கு நான்காண்டு சிறையும் 100 கோடி ரூபாய் அபராதமும் விதித்தது. அவர் உறுப்பினர் பதவியை இழந்ததால் வந்த ஸ்ரீரங்கம் இடைத்தேர்தலில் அவர் கட்சி 96,516 வாக்கு வித்தியாசத்தில் ஜெயித்தது. பிறகு உயர் நீதிமன்றம் விடுவித்தது. 2016இல் ஆட்சியே திரும்ப வந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த விடுதலையை ரத்து செய்தபோது அவர் உயிரோடு இல்லை. 2ஜி வழக்கில் 2017 டிசம்பர் 21 அன்று எல்லோரும் விடுதலை. தீர்ப்புகள் தேர்தல்களுக்கு முன்னும் பின்னும் இப்படிப் புரண்டால், வாக்காளர் எதை வைத்து முடிவெடுப்பார்? ‘எல்லாரும் திருடன்தான், நமக்கு யார் கொஞ்சமாவது செய்றாங்க’ என்ற கணக்குக்கு வந்து நிற்கிறார். ஒதுக்கித் தள்ள முடியாத கணக்கு அது.

2013 செப்டம்பர் 27 உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் வந்த நோட்டா, இந்தச் சலிப்புக்கு வடிகாலாகும் என்று எதிர்பார்த்தார்கள். தமிழ்நாட்டில் 2016இல் சுமார் 5.6 லட்சம் பேர் அழுத்தினார்கள். 2021இல் அது 3.45 லட்சமாகக் குறைந்தது. நோட்டா எத்தனை வாங்கினாலும் அடுத்து அதிகம் வாங்கியவர் வெற்றி பெறுவார் என்று தெரிந்த பிறகு அதில் யாருக்கு ஆர்வம் இருக்கும்?

ஊழலை அம்பலப்படுத்தினாலே மக்கள் பொங்கி எழுவார்கள் என்ற நம்பிக்கையை மெக்சிகோவில் சோதித்துப் பார்த்தார்கள். 2009 நகராட்சித் தேர்தலுக்கு முன்பு ஹாலிஸ்கோ, மொரெலோஸ், தபாஸ்கோ மாநிலங்களின் 12 நகராட்சிகளில், அரசுத் தணிக்கையில் கண்ட முறைகேட்டின் அளவைத் துண்டறிக்கையாக அச்சடித்து வீடு வீடாகக் கொடுத்தார்கள். முறைகேடு அதிகமென்று தெரிந்த இடங்களில் ஆளும் தரப்பின் வாக்கு குறைந்தது. எதிர்த் தரப்பின் வாக்கும் குறைந்தது. மொத்தப் பதிவும் குறைந்தது. செய்தி மக்களைப் போராடத் தூண்டவில்லை, மனம் தளர வைத்தது.

பிரேசிலில் வேறு விளைவு. 2003 முதல் சிறு, நடுத்தர நகராட்சிகளைப் பொதுக் குலுக்கலில் தேர்ந்தெடுத்து மத்திய அரசின் தணிக்கைக் குழு கணக்குப் பார்த்தது. 2004 தேர்தலுக்கு முன்பே அறிக்கை வெளியான ஊர்களில், முறைகேடு அதிகம் செய்த மேயர்கள் மீண்டும் ஜெயிப்பது கணிசமாகக் குறைந்தது. உள்ளூர் வானொலி இருந்த ஊர்களில் இந்த விளைவு இன்னும் கூர்மை. கட்சி சார்பற்ற தணிக்கை, தேர்தலுக்கு முன் வெளியீடு, ஊர் பேசும் அளவுக்குச் செய்தி பரவுதல் ஆகிய மூன்றும் அங்கே சேர்ந்து வந்தன.

நான்காவதாக ஒன்றும் வேண்டும்: கண்ணுக்குத் தெரியும் ஒரு மாற்று. இலங்கையில் 2022இல் காலிமுகத் திடலை மையமாகக் கொண்டு நடந்த ‘அறகலய’ என்னும் மக்கள் போராட்டம் ஜூலையில் கோட்டாபய ராஜபக்சவைப் பதவியிலிருந்து இறக்கியது. 2023 மார்ச்சில் நடக்க வேண்டிய உள்ளூராட்சித் தேர்தல் பணமில்லை என்று தள்ளிவைக்கப்பட்டும் கோபம் ஆறவில்லை; 2024 நவம்பர் நாடாளுமன்றத் தேர்தலில் தேசிய மக்கள் சக்தி 225இல் 159 இடங்களை வென்றது, யாழ்ப்பாண மாவட்டத்திலேயே 6இல் 3. ஆட்சிக் கறை படியாத ஒரு மாற்று கண்ணுக்குத் தெரிந்ததால் கோபம் வாக்காக மாறியது. ஆனால் அந்தத் தேர்தலிலும் பதிவு 68.93 சதவீதம்தான், 2020இல் 75.89. பழைய கட்சிகளின் ஆதரவாளர்களில் பலர் வேறு எங்கும் போகாமல் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள் என்றே இதைப் படிக்கத் தோன்றுகிறது.

கணக்குக் கேட்கும் இடங்கள்

தேர்தல் நேரத்தில் பட்டுவாடாவைப் பார்த்தால், புகார் செய்யத் தேர்தல் ஆணையத்தின் சி-விஜில் செயலி இருக்கிறது. செயலியைத் திறந்து அதன் வழியாகவே படமோ இரண்டு நிமிடக் காணொலியோ எடுக்க வேண்டும். போனில் முன்பே எடுத்து வைத்ததை ஏற்றாது. பெயர் தெரிவிக்காமலும் புகார் செய்யலாம், ஆனால் அப்படிச் செய்தால் புகாரின் நிலையை அறிய முடியாது. 100 நிமிடத்துக்குள் நடவடிக்கை என்பது விதி. பணம் கைமாறுவது பத்து விநாடி. பறக்கும் படை வரும்போது தெரு காலியாக இருக்கும். அதனால் கொடுக்கும் கையைவிட, பணமும் பட்டியலும் வைத்திருக்கும் வீட்டையும் வாகன எண்ணையும் பதிவதே பலன் தரும்.

தேர்தல் இல்லாத காலத்தில் வலுவான கருவி கிராம சபை. 2022 முதல் ஆண்டுக்கு ஆறு முறை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. குறைவெண் வரம்பு, அதாவது கூட்டம் செல்லுபடியாக வர வேண்டிய குறைந்தபட்ச ஆள் எண்ணிக்கை, 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கையை நிரப்பக் கையெழுத்து நோட்டு வேலைத்தளத்துக்கும் வீடுகளுக்கும் சுற்றுவதுதான் முதல் மோசடி. இரண்டாவது, தீர்மானத்தைக் கூட்டம் முடிந்த பிறகு அலுவலகத்தில் எழுதுவது. எனவே கேள்வியை எழுத்தில் கொடுத்து, பெறப்பட்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். தீர்மானம் எழுதி முடித்து வாசிக்கப்படும் வரை எழுந்து போகாதீர்கள். அரசு அனுப்பும் பற்றாளர் யார் என்று கேட்டு அவர் முன்னிலையில் பேசுங்கள். மறுநாளே தீர்மான நகலுக்குத் தகவல் மனு போடுங்கள். பத்துப் பேர் சேர்ந்து இதை மூன்று கூட்டம் தொடர்ந்து செய்தால் நோட்டு சுற்றுவது நிற்கும்.

தகவல் உரிமைச் சட்டத்தில் ஏமாறுவது பெரும்பாலும் கேள்வியால். ‘எங்கள் தெருச் சாலை ஏன் ஆறு மாதத்தில் பெயர்ந்தது’ என்று கேட்டால் ‘விளக்கம் கோருவது தகவல் ஆகாது’ என்று பதில் வரும். ஆவணத்தைக் கேட்க வேண்டும்: வார்டு எண், தெருப் பெயர், நிதியாண்டு குறிப்பிட்டு, வேலையின் மதிப்பீடு, பணி ஆணை, அளவுப் புத்தகம் (எம்-புக்), நிறைவுச் சான்று, பட்டியல் தொகை வழங்கிய பதிவு. பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு; அதுவும் பலிக்காவிட்டால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். பலரும் மறந்துவிடும் 2(ஜே) பிரிவில், நடக்கும் வேலையை நேரில் ஆய்வு செய்யவும் பொருளின் சான்றிட்ட மாதிரியை எடுக்கவும் உரிமை உண்டு. எம்-புக்கில் எழுதிய கனத்தையும் சாலையில் இருக்கும் கனத்தையும் ஒப்பிடப் பொறியாளர் பட்டம் தேவையில்லை.

தடைகளும் வளர்ந்துகொண்டே வருகின்றன. லஞ்ச ஒழிப்புத் துறையை 2008இல் மாநில அரசு தகவல் உரிமைச் சட்டத்தின் வரம்பிலிருந்து விலக்கியது. 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதன் 8(1)(ஜே) பிரிவைத் திருத்தியதால், தனிநபர் தகவல் என்று ஒரே வரியில் மறுப்பது எளிதாகிவிட்டது. அப்படி மறுத்தால் பொதுநலன் மேலோங்கும்போது தகவல் தரலாம் என்னும் 8(2) பிரிவை மேல்முறையீட்டில் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள்.

லஞ்சம் கேட்கப்பட்டால் ஏழு நாள் என்ற எண்ணை நினைவில் வைக்க வேண்டும். ஊழல் தடுப்புச் சட்டத்தின் 2018 திருத்தத்துக்குப் பிறகு லஞ்சம் கொடுப்பவரும் குற்றவாளி. கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால்தான் தப்பலாம். கொடுக்கும் முன்பே லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் போனால் ஃபினாப்தலின் என்னும் ரசாயனப் பொடி தடவிய நோட்டு, அரசு ஊழியர் சாட்சிகள் என்று பொறி வைப்பார்கள். பிடிபடுவது எளிது, அதன்பின் வழக்கு இழுக்கும் ஆண்டுகளில் புகார்தாரர் பிறழ்சாட்சி ஆகிவிடுவதே பெரிய சிக்கல். அப்படி மாறினாலும் சூழ்நிலைச் சாட்சியங்களை வைத்து லஞ்சம் கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பர் 15 அன்று உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்திருக்கிறது.

பயப்படாதீர்கள் என்று யாருக்கும் லேசாகச் சொல்லிவிட முடியாது. 2023 ஏப்ரலில் தூத்துக்குடி மாவட்டம் முறப்பநாட்டில், மணல் கொள்ளை பற்றிப் புகார் கொடுத்த கிராம நிர்வாக அலுவலர் தன் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். 2025 ஜனவரியில் புதுக்கோட்டை மாவட்டம் திருமயம் அருகே, சட்டவிரோதக் குவாரிகளை எதிர்த்தவர் மீது லாரி ஏற்றிக் கொன்றார்கள். ஊழலை வெளிக்கொணர்வோரைப் பாதுகாக்க 2014இல் நாடாளுமன்றம் ஒரு சட்டமே இயற்றியது. அது நடைமுறைக்குக் கொண்டுவரப்படாமல் கிடப்பில் போடப்பட்டது. எனவே குவாரி, மணல், நிலம் சம்பந்தப்பட்ட மனுவை ஒரே ஆள் பெயரில் போடாதீர்கள். ஒரே கேள்வியை ஐந்து பேர் ஐந்து ஊரிலிருந்து தனித்தனி மனுவாக அனுப்புங்கள். நகலையும் பதிவுத் தபால் ரசீதையும் வெளியூரில் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். வந்த பதிலை அன்றே கிராம சபை வாட்ஸ்அப் குழுவிலும் உள்ளூர் நிருபரிடமும் சேர்த்துவிடுங்கள். தகவல் பலர் கைக்குப் போய்விட்ட பிறகு ஒருவரை மிரட்டுவதில் பயன் குறைவு.